இடப்பக்கத்து மண்

அன்று காலை நெவில் மெட்காஃப் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது ஒரு மனிதருக்கு அல்ல, ஒரு மழைக்கோட்டுக்கு. எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டுத்தான் காட்டினார். பொக்லைனின் பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்தார். கை தவறிப் பட்டாலும் இயந்திரம் அசையாதபடி சிவப்பு லிவரைத் தூக்கி விட்டார். அந்த சைட்டில் அது சட்டம். கீழே நிற்பவர் கட்டைவிரலைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். ஓட்டுபவர் அவர் கண்ணைப் பார்த்துத் தானும் கட்டைவிரலைத் தூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் யாரும் பக்கெட் அருகே வரலாம். மூடுபனியில் பத்தடி தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருவம் தெரிந்தது. நெவில் விரலைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தார். உருவம் அசையவில்லை. என்ன இவள், பிடித்து வைத்த மாதிரி நிற்கிறாளே என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, இடப்பக்கம், கேபின் கதவுக்குச் சற்றுக் கீழே, யாரோ இரும்பைத் தட்டினார்கள்.

"நெவ்! நான் இங்க இருக்கேன். அது என் மழைக்கோட்டு. காயட்டும்னு கம்புல மாட்டி வச்சிருக்கேன். ஒரு நிமிஷமா வெரலத் தூக்கிக்கிட்டே நிக்கிறேன், கை வலிக்குது."

பிரையனிதான். சிரித்துக்கொண்டிருந்தாள். தொல்லியல் குழுவிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்திருந்தவள் அவள் ஒருத்திதான். லண்டனிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையை இருபுறமும் அகலப்படுத்துகிறார்கள். யார்க்‌ஷயரின் இந்தத் துண்டில் புதுச் சாலைக்குப் பக்கத்திலேயே ரோமர்கள் போட்ட பழைய சாலை மண்ணுக்குள் கிடக்கிறது. அதனால் மேல்மண்ணைச் சும்மா வாரிக் கொட்டிவிட முடியாது. பல் இல்லாத அகலமான பக்கெட்டால் நெவில் நாலு விரல் கனத்துக்கு மண்ணைச் சீவி எடுப்பார். சீவிய தரையைப் பார்த்துக்கொண்டே பிரையனி கூடவே நடப்பாள். நிறம் மாறினால் கையைத் தூக்குவாள். அவர் உடனே நிறுத்துவார். நாலு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. பிரையனிக்கு இருபத்தெட்டு வயது. நெவிலுக்கு ஐம்பத்தொன்பது. அவர் லிவர் பிடிக்கத் தொடங்கி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.

"உன் கோட்டு உன்ன விடப் பொறுமையா நிக்குதும்மா. அதான் அதுக்கு மொதல்ல அனுமதி" என்றார் நெவில். குரல் சரியாகத்தான் வந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பத்து மணித் தேநீருக்குள் கதை சைட் முழுக்கப் பரவிவிட்டது. அந்தக் கூட்டத்துக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன. யாரோ அந்தக் கோட்டைக் கம்போடு பிடுங்கி வந்து நெவில் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் சாய்த்து, தலைக்கு ஒரு ஹெல்மெட்டும் கவிழ்த்திருந்தார்கள். கோட்டின் பாக்கெட்டில் கடித்து மிச்சம் வைத்த பேக்கன் பன் ஒன்று.

"உன் கூட்டாளி ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருக்காருய்யா" என்றான் கிரெய்க். மேற்பார்வையாளன். நாற்பது வயதுக்குள் முடியெல்லாம் கொட்டிப்போனவன். "என்னப்பா நெவ், இன்னிக்கு வரைக்கும் எவனாவது உங்கிட்ட சிரிச்சுப் பேசினா நீ திரும்பப் பேசினது கிடையாது. ஒரு கோட்டுக்குப் போய் மரியாதையா வெரல் காட்டியிருக்க."

"உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு அது எவ்வளவோ தேவல" என்றார் நெவில். எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தார். பக்கத்தில் கோட்டை உட்கார வைத்துக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தார். தன் பன்னைப் பாதியில் வைத்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால், படிக்கும் கண்ணாடி மாற்றலாம் என்று சந்தைத் தெருவில் இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போனதிலிருந்துதான் வினை. அங்கே இருந்த பெண் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். தெரிந்தபோது அழுத்தினார். வெகுநேரம் ஒன்றும் வராதபோது, வந்திருக்கும் என்ற நம்பிக்கையில் சும்மாவும் அழுத்தினார். அவள் காகிதத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். ரெண்டு கண்ணிலுமே இடப்பக்கப் பார்வையில் பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது என்றாள். போனது போனதுதான், இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும், ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருகிறேன் என்றாள். வண்டி ஓட்டும் உரிமம் தருகிற அலுவலகத்துக்கும், வேலை செய்கிற இடத்துக்கும் நீங்களேதான் சொல்ல வேண்டும் என்றாள்.

"ஓட்டைன்னா கறுப்பாத் தெரியணுமே. எனக்கு எல்லாம் தெரியுதே" என்று நெவில் வாதாடிப் பார்த்தார்.

"கறுப்பாத் தெரியாதுங்க. சுத்தி என்ன இருக்கோ அதையே வச்சு உங்க மூளை ஒட்டுப் போட்டுடும். சுவர் இருந்தா சுவர். புல்லு இருந்தா புல்லு. அதனாலதான் உங்களுக்கு இத்தன நாளாத் தெரியல."

அந்த வார்த்தைதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. கறுப்பாக இருந்தால்கூட இங்கே ஒன்றும் தெரியவில்லை என்று அறிந்து ஜாக்கிரதையாக இருக்கலாம். இது பொய் சொல்கிற கண். மண்ணுக்கு நடுவே ஒருத்தி நின்றால் அவளை அழித்துவிட்டு அந்த இடத்தில் நல்ல மண்ணை வரைந்து காட்டும். பொக்லைனின் கேபின் இடப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கம் பெரிய இரும்புக் கை மறைக்கும். அதனால் ஓட்டுபவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று எல்லாரும் இடப்பக்கமாகவே நிற்கப் பழக்கப்பட்டிருக்கிறார்கள். பிரையனியும் அங்கேதான் நடப்பாள், அவரை நம்பி.

கடிதம் நாலாக மடிந்து சாப்பாட்டுப் பையின் அடியில் கிடந்தது. கிறிஸ்துமஸ் வரை, இந்தத் துண்டு முடியும் வரை என்று அவர் தனக்குத்தானே தவணை சொல்லியிருந்தார். அப்பாவுக்கும் இதே வியாதிதான். பால் லாரி ஓட்டிய மனிதர். கடைசிப் பதினோரு வருடம் சமையலறையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாராவது பேசினால் முகத்தைத் தவறான பக்கம் திருப்பிப் புன்னகைப்பார். அந்தப் புன்னகையை நினைத்தால் நெவிலுக்கு இன்றும் உடம்பு கூசும். நாற்காலி என்ற ஒன்று தனக்காகவும் எங்கோ காத்திருக்கிறது என்று அவருக்குப் பயம். காலையில் அந்தப் பயம் பெரிதாக இருக்கும். கேபினில் ஏறி உட்கார்ந்ததும், யாரையாவது நசுக்கிவிடுவோமோ என்ற மற்றப் பயம் பெரிதாகிவிடும்.

வீட்டில் மனைவி பவுலினிடம் சொல்லவில்லை. ஆனால் நேற்று சாப்பிடும்போது ஒன்றைக் கவனித்தார். கோப்பை, உப்பு, செய்தித்தாள் எல்லாவற்றையும் பவுலின் அவருடைய வலப்பக்கமாக வைத்திருந்தாள். முப்பத்தைந்து வருடமாக அந்த வீட்டில் தேநீர்க் கோப்பை இடப்பக்கம்தான் இருந்தது. எப்போதிலிருந்து மாற்றினாள் என்று யோசித்தார். அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அவளும் ஒன்றும் சொல்லாமல் பட்டாணியைப் பரிமாறினாள்.

தேநீருக்குப் பிறகு பனி விலகியது. பழைய சாலையின் ஓரத்து வாய்க்காலை ஒட்டிச் சீவிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம்தான் ரோமர் காலத்தில் செத்தவர்களைப் புதைத்திருந்தார்கள். இந்த வாரம் மட்டும் நாலு குழி. மஞ்சள் சரளை மண்ணில் பழுப்பாக, ஆள் நீளத்துக்கு ஒரு கறை தெரியும். பிரையனி கையைத் தூக்குவாள். அதற்குப் பிறகு மண் சுரண்டும் கரணையும் தூரிகையும்தான். மூன்றாவது குழியில் இருந்தவனை முகம் குப்புறப் போட்டுப் புதைத்திருந்தார்கள். வேண்டுமென்றே அப்படிப் போட்டார்களா, அவசரத்தில் புரட்டிப் போட்டார்களா என்று யாருக்கும் தெரியாது என்றாள் பிரையனி. ஆயிரத்து எழுநூறு வருடம் கண்ணில் மண் அப்பியபடி கிடந்தவனை நெவில் ஒருமுறைதான் பார்த்தார். அன்றிலிருந்து தலையணையில் முகம் புதைத்துத் தூங்கும் பழக்கத்தை விட்டுவிட்டார்.

பிரையனியைப் பார்வையிலிருந்து தவற விடாமல் இருக்க அவர் சில வழிகள் வைத்திருந்தார். கேபினின் பக்கக் கண்ணாடியைத் திறந்தே வைப்பார், குளிரடித்தாலும். ஒவ்வொரு இழுப்புக்கும் இரண்டு தடவை கழுத்தை முழுசாக இடப்பக்கம் திருப்புவார். கோழி பார்ப்பது போலத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து இறுகிக் கிடந்தது.

"கழுத்து பிடிச்சிருக்கா நெவ்? நாள் பூரா அந்தப் பக்கமே திரும்புறீங்க" என்று பிரையனி போன வாரம் கேட்டிருந்தாள்.

"வயசாச்சு கண்ணு. நீ கொஞ்சம் பேசிக்கிட்டே வாயேன். எனக்குப் பொழுது போகும்."

அவளும் பேசிக்கொண்டே வந்தாள். அம்மாவின் நாய், வாடகை வீட்டில் கூட இருப்பவள் பாத்திரம் கழுவாதது, இந்த வேலை முடிந்தால் அடுத்த வேலை எங்கே என்று தெரியாதது. இயந்திரச் சத்தத்தில் பாதிதான் காதில் விழும். வார்த்தை புரிய வேண்டியதில்லை. குரல் இருந்தால் போதும்.

பன்னிரண்டு மணி வாக்கில் குரல் நின்றுவிட்டது.

பக்கெட் பாதி இழுப்பில் இருந்தது. நெவில் கழுத்தைத் திருப்பினார். மண். இன்னும் திருப்பினார். மண்தான். அப்போது லிவர் வழியாகக் கையில் ஒன்று தட்டுப்பட்டது. முப்பத்தெட்டு வருடத்தில் கல் தட்டினால் எப்படி இருக்கும், வேர் தட்டினால் எப்படி இருக்கும், களிமண் எப்படி இருக்கும் என்று கைக்கு எல்லாம் தெரியும். இது அது எதுவும் இல்லை. லேசாக நொறுங்கி, லேசாக அமுங்கியது.

இழுப்பை நிறுத்தினார். லிவரைத் தூக்கினார், இயந்திரத்தை அணைத்தார், சாவியைப் பிடுங்கினார். இதெல்லாம் தானாக நடந்தது. "பிரையனி" என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். பக்கத்துச் சாலையில் லாரிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. கேபினிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கு நினைவில்லை. கடைசிப் படியைத் தவற விட்டு முழங்காலில் விழுந்தார். பக்கெட்டின் விளிம்புக்கு அடியில் ஆரஞ்சு நிறம் தெரிகிறதா என்று பார்க்கத் தவழ்ந்து போனார். கடவுளே, அந்தப் பிள்ளையாக இருக்கக் கூடாது, வேறு என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வேண்டினார். தேவாலயத்துப் பக்கம் போய் பல வருடம் ஆனவர்.

"என்ன நெவ், என்ன ஆச்சு?"

பிரையனி மண்மேட்டின் பக்கமிருந்து ஓடி வந்தாள், கையில் தண்ணீர்ப் பாட்டில். "தண்ணி எடுக்கப் போறேன்னு கையக் காட்டினேனே. நீங்க தலைய ஆட்டினீங்களே" என்றாள். அவர் பதில் சொல்லும் முன்பே அவளுடைய கண் பக்கெட் விளிம்புக்குப் போய்விட்டது. மண்டியிட்டுக் குனிந்தாள். விரலால் மண்ணை மெல்ல ஒதுக்கினாள். அங்கே விரல் நீளத்துக்கு எலும்பு. அதைச் சுற்றிப் பழுப்புக் கறை.

"யப்பா" என்றாள். எழுந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "நெவ், வேற யாரா இருந்தாலும் இழுத்து நாசம் பண்ணியிருப்பாங்க. ஒரு அங்குலத்துல நிறுத்தியிருக்கீங்க. நான் பக்கத்துலகூட இல்ல! உங்க கையில கண்ணு இருக்கு, சத்தியமா."

நெவிலுக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது. அவள் பாராட்டின் ஒவ்வொரு சொல்லும் முகத்தில் அறைந்தது. நான் எலும்புக்காக நிறுத்தவில்லை பெண்ணே, உன்னைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்து நிறுத்தினேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் கிரெய்க் வந்து சேர்ந்துவிட்டான்.

"மறுபடியும் ஒண்ணா? இவனுங்களுக்குச் சாகறதுக்கு வேற இடமே கிடைக்கலயா?" என்று தலையில் கை வைத்தான். "பிரையனி, மூணரை வரைக்கும் நேரம் தரேன். இருட்டறதுக்குள்ள அந்தக் கடைசித் துண்டைச் சீவி முடிச்சாகணும். நாளைக்கு மழை. தண்ணி நின்னா உன் பொணங்களும் மிதக்கும், என் வேலையும் மிதக்கும்."

நெவில் கேபினில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பையைத் திறந்தார். ரொட்டியைத் தொடவில்லை. கடிதத்தை எடுத்துப் பிரித்து, வாசிக்காமல் மடித்து, இந்தத் தடவை சட்டைப் பாக்கெட்டில் வைத்தார்.

மூன்றரைக்குப் பிரையனி வந்து கூப்பிட்டாள். "வாங்க, உங்க ஆளு எப்படி இருக்கார்னு வந்து பாருங்க. உங்களுக்குத்தான் மொதல்ல காட்டணும்."

குழியின் கால்மாட்டுப் பகுதியை மட்டும் சுத்தம் செய்திருந்தாள். பூட்ஸ் போட்டபடியே புதைத்திருக்கிறார்கள் என்றாள். தோல் மக்கிப் போய்விட்டது. அடித்தோலில் அடித்திருந்த ஆணிகள் மட்டும் இருந்த இடத்திலேயே துருப்பிடித்துக் கிடக்கின்றன. நெவில் குனிந்து பார்த்தார். பழுப்பு மண்ணில் பழுப்புப் புள்ளிகள். கண் பழகியதும் புள்ளிகள் ஒன்று சேர்ந்து ஒரு பாதத்தின் வடிவம் தெரிந்தது. குதிகால், நடுவில் ஒடுங்கிய இடை, விரல் பக்கம் அகலம். யாரோ நடந்த பூட்ஸ். தேய்ந்து தேய்ந்து ஆணி மாற்றியிருப்பார்கள். சாலையில் போன மனிதன், போகிற வழியிலேயே நின்றுவிட்டான்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாவம், ஒரு கால்தான். இன்னொரு பூட்ஸு என்ன ஆச்சு? என் பக்கெட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுச்சா?"

பிரையனி சிரிக்கப் போனாள். அவர் விளையாடுகிறார் என்று நினைத்தாள் போல. பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் கரணையை நீட்டி, நெவில் பார்த்துக்கொண்டிருந்த பாதத்துக்கு இடப்பக்கம் ஓரிடத்தில் வைத்தாள். நெவில் அந்தக் கரணை எங்கே போனது என்று பார்த்தார். கைப்பிடியைப் பிடித்திருந்த கை மணிக்கட்டு வரை இருந்தது, மிச்சம் மண்ணுக்குள் போய்விட்டது போல இருந்தது. கண்ணை நகர்த்தினார். கரணை வந்தது. அதன் நுனிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில், இரண்டாவது பாதம். ஒவ்வோர் ஆணியும் அவ்வளவு தெளிவாக.

"ரெண்டு இருக்கு நெவ்" என்றாள் பிரையனி. குரல் தாழ்ந்துவிட்டது.

அவள் முகத்தில் இத்தனை நாளாக நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஓடுவதை நெவில் பார்த்தார். கோட்டு, கழுத்து, பேசிக்கொண்டே வா என்றது, தலையை ஆட்டியது. அவளுடைய கண் மெதுவாகப் பக்கெட்டுக்குப் போனது. அந்தப் பக்கெட் ஒன்றே முக்கால் மீட்டர் அகலம். நாலு மாதம் அதன் ஓரத்தில் நடந்திருக்கிறாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கிரெய்க்கின் குரல் சரிவுக்கு மேலிருந்து வந்தது. "கண்காட்சி முடிஞ்சுதா? நெவ், ஏறுய்யா மேல! வெளிச்சம் இருக்கும்போதே அந்தத் துண்டை முடி!"

நெவில் பிரையனியைப் பார்த்தார். அவள் கிரெய்க்கைக் கூப்பிட்டுச் சொல்வாள் என்று காத்திருந்தார். சொல்லிவிட்டால் பரவாயில்லை என்றுகூட இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து ஆணிகளின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டாள், ஓரங்களில் கல் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வேறு வழி தெரியாமல் இயந்திரத்தை நோக்கி நடந்தார். படியில் கால் வைக்கும் முன் இரண்டு தடவை பார்த்து வைத்தார்.

இயந்திரம் உறுமியது. பக்கெட் தரையில், சிவப்பு லிவர் மேலே. கழுத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பினார்.

பிரையனி வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். மழைக்கோட்டை எடுத்து மாட்டிக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தாள். கட்டைவிரலை உயர்த்தியிருந்தாள். வெளுத்த முகம். பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் சொல்ல வேண்டியதை அவரே சொல்லட்டும் என்று வந்து நிற்கிறாள். முட்டாள் பெண்ணே என்று நெவில் மனதுக்குள் கத்தினார். ஓடிப் போயேன்.

அவள் காத்திருந்தாள். அவர் விரலைத் தூக்க வேண்டும். தூக்கினால் இன்றைய பொழுது போய்விடும். நாளை மழை. நாளை மறுநாள் எப்படியோ. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது வாரம்.

வேலை செய்யும்போது எங்கே பார்ப்பாரோ அங்கே, பக்கெட்டின் விளிம்பில், பார்வையை வைத்துப் பார்த்தார். பிரையனி போய்விட்டாள். ஆரஞ்சு இல்லை, முகம் இல்லை, விரல் இல்லை. அவள் நின்ற இடத்தில் மஞ்சள் சரளை மண் கிடந்தது. சீராக, சுத்தமாக, சந்தேகப்படவே வழியில்லாமல். அங்கங்கே சின்னக் கற்கள்கூட இருந்தன. கண்ணைத் திருப்பினார். நின்றாள். மீண்டும் பக்கெட்டைப் பார்த்தார். மண்.

நெவில் சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தார். சரிவிலிருந்து கிரெய்க் ஏதோ கேட்டுக்கொண்டே இறங்கி வருவது கேட்டது. சட்டைப் பாக்கெட்டில் கடிதத்தின் முனை மார்பில் குத்தியது. கழுத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் சொல்ல வராது. பக்கெட்டின் விளிம்பிலேயே பார்வையை வைத்துக்கொண்டு, திறந்திருந்த கண்ணாடி வழியாக அந்த வெறும் மண்ணிடம் சொன்னார்.

"கண்ணு, நீ எனக்குத் தெரியல."

சாலையில் ஒரு லாரி கடந்து போனது. பிறகு ஆளில்லாத அந்த மண்ணிலிருந்து, மிக அருகில், அவள் குரல் வந்தது.

"இங்கதான் நிக்கிறேன் நெவ்."